பஹ்மி எடுத்த மூன்று புத்தகங்கள்

— எத்தினை பேருக்கு அனுப்பினனீ?

— நாற்பத்தியொரு பேருக்கு, இராசமலர் மிஸ். புத்தகம் எடுத்துப் பதினாலு நாள் கடந்தா ஞாபகக் கார்ட் போட வேணுமெண்டு விதிமுறையிலை கிடக்குத்தானே.

— ஐயோ கௌசிகா, அந்தப் பிள்ளையள் ஒருத்தரும் புத்தகம் எடுக்கேல்லையடி!

— பதிவிலை உங்கட கையெழுத்திலை கிடக்கே?

— நான்தான் எழுதினனான். மூண்டு வருசத்துக்கு முந்திப் பள்ளிக்கூடத்தாலை ஒரு வகுப்பையே கூட்டிவந்து அங்கத்தவராக்கினவை. பிறகு ஒண்டும் எட்டிப் பாக்கேல்லை. அந்தப் பேருகளைத்தான் மாசாமாசம் மாத்தி மாத்திப் போடுறன்.

— பின்னேரத்திலை மதிலிலை நிறையப் பெடியள் இருக்கிறாங்களே, மிஸ்?

— அது எங்கட வைஃபைக்கு. உள்ளுக்கு வந்து குடிக்கத் தண்ணியும் கேக்கமாட்டாங்கள். வாசிக்க ஆளில்லையெண்டு மேலிடத்துக்குத் தெரிஞ்சா அடுத்த மாசமே இந்த நூலகத்துக்குப் பூட்டு. பதினாறு வருசம் நான் காத்த இடம், விளங்குதோ?

— மிஸ்... ஆரோ ஒரு அம்மா வாறா. கையிலை எங்கட கார்ட்.

— நீ வாயைத் திறவாதை. வாங்கோ தங்கச்சி, கதிரையிலை இருங்கோ.

— இருக்க நேரமில்ல டீச்சர். நான் பஸ்மியா. பஹ்மிட உம்மா. அவன் மூணு புத்தகம் எடுத்தானெண்டு இதுல இரிக்கி. மெய்யா?

— அதைப் பற்றி யோசியாதேங்கோ. ஆறுதலாக் கொண்டுவந்து தரலாம்.

— அதுக்கில்ல. அவன் எழுத்தைக் கண்டா ஓடுற ஆள். பேப்பரக் குடுத்தா வடை எண்ணெய் ஒத்துவான். எந்நேரமும் அந்தப் போன்தான். புத்தகத்தை எடுறா எண்டு ஏசி ஏசி என்ட தொண்டை போச்சு. அவனா எடுத்தான்?

— ஓம்... எடுத்தவர்.

— அவனே வந்தானா? வேற ஆரும் அவன்ட பேருல எடுத்திருப்பாங்களா?

— இஞ்ச ஒருத்தற்றை பேரிலை இன்னொருத்தருக்குக் குடுக்கிறேல்லை. அவரேதான் வந்தவர்.

— மிஸ், ஒருக்கா இஞ்சால வாங்கோவன்.

— நீ போய் அலுமாரியைத் துடை, கௌசிகா.

— என்ன புத்தகம் டீச்சர்?

— ஒண்டு நாவல். ஒண்டு பறவையளைப் பற்றி. மற்றது... வயரிங் வேலை.

— வயரிங்! கத்தாருக்குப் போகணுமெண்டு சொல்லிக்கொண்டே இருந்தான். மெலிஞ்சிருந்தானா?

— கொஞ்சம்.

— தாடி?

— இருந்தது.

— அல்ஹம்துலில்லாஹ்! உம்மாவைப் பத்தி ஒண்டும் கதைக்கல்லயா?

— தங்கச்சி, ஏன் அழுறீங்கள்? மகன் இப்ப வீட்டிலை இல்லையோ?

— பெப்ரவரி மூணாந் திகதி என்ட தம்பியோட போட்ல கடலுக்குப் போனான். தம்பிட மையித்து மூணாம் நாள் உப்புவெளிக் கரையில ஒதுங்கிச்சு. இவன் கிடைக்கல்ல. நேவியும் தேடிக் களைச்சிட்டாங்க. எல்லாரும் அவன் மௌத்தாப் போயிட்டானெண்டுதான் சொன்னாங்க. ஆனா இந்தக் கார்ட்ல இவன் புத்தகம் எடுத்தது மார்ச் பத்தொன்பது!

— மிஸ், சொல்லுங்கோ. இப்பவே சொல்லிப்போடுங்கோ.

— தங்கச்சி... நான்... அந்தப் பதிவு...

— எனக்குச் சொல்ல வேணாம் டீச்சர், நான் நம்பிட்டன். மையித்து இல்லாமலே அவனுக்குக் கடைசித் தொழுகை, ஜனாஸா தொழ இண்டைக்கு ஊரே பள்ளிவாசல்ல கூடி நிக்குது. வெளியில ஆட்டோ நிக்கி, வந்து அவனைக் கண்ணால கண்டதெண்டு அவங்களுக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.