பேருந்து வாசலுக்கு வருகிறது, வேலை வருமா?

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ராசாங்கம் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, தோப்பு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பிள்ளைகள் பரிசு வாங்குவதைப் பார்க்க ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, பன்னிரண்டாம் வகுப்பை வென்று வந்த என் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் ஆண்டிமடத்துத் தமிழாசிரியை மேகலாவின் வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்துகிறேன். ஆனால் வாயில் வாழ்த்து இருந்தாலும் மனதில் பயம் இருக்கிறது. என்ன பயம் என்கிறீர்களா? அதோ மூன்றாவது வரிசையில் பச்சைத் துண்டோடு அமர்ந்திருக்கிறாரே, என் உடன்பிறந்த அண்ணன் அன்பழகன், அவரைப் பார்த்துத்தான் பயம். முறைக்காதீர்கள் அண்ணா. வீட்டில் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறீர்கள். இங்கே இத்தனை பேர் நடுவில் எழ முடியாது, அதனால்தான் இங்கே பேசுகிறேன்.

அண்ணன் மகள் சத்யப்பிரியா இரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேரப் போகிறாள். ஓராண்டுச் சான்றிதழ். நல்ல படிப்பா? நல்ல படிப்புதான். நோய் இருக்கும் வரை பரிசோதனை இருக்கும். நான் அந்தத் தொழிலைக் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டணத்துக்காக மூன்று வருட முந்திரி மகசூலை நாளைக்கே ஒரு வியாபாரியிடம் எழுதிக் கொடுக்கப் போகிறாரே அண்ணன், அதைத்தான் கேட்கிறேன். இந்த ஊரில் தோப்புக்கு எப்போது விலை பேசுவோம்? மரத்தைச் சுற்றி வந்து, பூ பிடித்திருப்பதைப் பார்த்து, பனியில் எவ்வளவு கருகியது என்று கணக்குப் போட்டுத்தானே பேசுவோம்? இன்னும் பூக்காத மூன்று வருடத்துக்குப் பாதி விலைதான் தருகிறான் வியாபாரி. அவன் பயம் அவனுக்கு. நம் பயம் எங்கே போயிற்று?

சரி, படிப்பையாவது பூ பார்த்து வாங்கினாரா? "என்னண்ணா விசாரிச்சீங்க?" என்று போன வாரம் கேட்டேன். அவர் சொன்னார்: "காலேஜு பஸ்ஸு வூட்டு வாசலுக்கே வருது மேகலா. பொம்பளப் புள்ள, பொழுதோட வூடு வந்துடும். வேற என்ன பாக்கணும்?"

சிரிக்கிறீர்கள். சிரிக்கும் தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் வாசலுக்கு வரும் மஞ்சள் பேருந்தைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்? ரயில் பாதையே இல்லாத பெரம்பலூரும் பேருந்தை நம்பிய நம் ஊர்களும் செய்கிற தவறு இது. பேருந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும், திரும்பக் கொண்டுவந்தும் விடும். அதற்கு அப்புறம் பிள்ளை எங்கே போகும்?

மீன்சுருட்டிப் பொன்னம்மாள் மகள் நந்தினி என்னிடம் படித்தவள். அவளும் வாசலுக்குப் பேருந்து வந்த இதே ஓராண்டுப் படிப்பைத்தான் படித்தாள். இப்போது பெரம்பலூரில் ஒரு சிறிய பரிசோதனை நிலையத்தில் வேலை. மாதம் ஒன்பதாயிரம். அறை வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவது ஊருக்கு வந்து போகும் பேருந்துக் காசுதான். சென்ற மாதம் பார்த்தேன். "ஊசி குத்த நல்லாக் கத்துக்கிட்டேன் டீச்சர். கொழந்தைக்குக்கூட ஒரே குத்துல நரம்பு கெடைச்சிடும். ஆனா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு வருசப் படிப்பு இருக்கான்னு கேக்கறாங்க. அத சேரும்போதே யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றாள். கை நிறையத் திறமை இருந்தும் அந்தப் பெண்ணுக்குக் கதவு திறக்கவில்லை.

அப்படியானால் இந்தப் படிப்பு வேண்டாம் என்று உரக்கச் சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதானே? முடியவில்லை ஐயா. ஏன் முடியவில்லை? நேற்று மாலை சத்யப்பிரியா என் வீட்டுக்கு வந்தாள். கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, இந்தப் படிப்பு வேணாம்னு நீங்க சொன்னா அப்பா கேட்டுப்பாரு. ஆனா படிப்பே வேணாம்னு முடிச்சிடுவாரு. ஜெயங்கொண்டத்துல மாப்ள பாத்து வச்சிருக்காங்க. தையில முடிச்சிடலாம்னு பேசிக்கறாங்க."

இதுதான் அன்பர்களே என் பயம். சேரச் சொன்னால் தோப்பு போகிறது. சேராதே என்றால் பெண் போகிறாள். எதைச் சொல்வேன்? யாரிடம் சொல்வேன்?

அண்ணா, தலை குனியாதீர்கள். உங்களைக் கேவலப்படுத்த நான் மேடை ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டை நாலு தெருவில் விசாரித்தீர்களே, படிப்புக்கு ஒரு வாசலிலாவது விசாரியுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். மருத்துவமனையில் வெள்ளை அங்கியோடு நிற்கும் ஒரு பெண்ணிடம், என்ன படித்தாய், கட்டணம் என்ன கட்டினாய், சம்பளம் என்ன வாங்குகிறாய் என்று கேளுங்கள். சேர் என்று அவள் சொன்னால் முதல் ஆளாக நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். இரண்டு வருடப் படிப்புதான் சரி என்றால், அது வெளியூரில் இருந்தாலும் விடுதியில் விட மனது வையுங்கள்.

என்ன அண்ணா, எழுந்து நிற்கிறீர்கள்? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள் தம்பி.

கேட்டீர்களா தாய்மார்களே? ஒலிவாங்கியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார், பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திரும்பச் சொல்கிறேன். "நாளைக்கு ஏவாரிய வர வேணாம்னு சொல்லிடறேன். புள்ளையக் கூட்டிட்டு அரியலூருக்குப் போயி விசாரிக்கிறேன். எந்தப் படிப்பா இருந்தாலும் படிக்க வைக்கிறேன்." என் அண்ணன் சொன்னது இவ்வளவுதான். சத்யப்பிரியா அழுகிறாள். அழட்டும், யாரும் தடுக்காதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும் பெரியோருக்கும் நன்றி. தாய்மார்களுக்கு மட்டும் நன்றி சொல்ல மாட்டேன், ஒரு வேலை தருகிறேன். மேடையில் கொடுத்த வாக்கு வீட்டுக்குப் போவதற்குள் ஆறிவிடும் என்பது எனக்குத் தெரியும். என் பயம் இன்னும் தீரவில்லை. வரும் தையில் அன்பழகன் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டால், அட்சதையோடு போகாதீர்கள். "புள்ள என்ன படிக்குது?" என்று கேட்டுக்கொண்டு போங்கள். வணக்கம்.