ஓடைக்குப் போனது

— கழிவுன்னு எழுதாதேம்மா. அந்த வார்த்தையே மூஞ்சியில அடிக்கிற மாதிரி இருக்கு.

— வேற என்ன எழுதணும் அத்தான்?

— அதுக்குத்தானே என் வேலையெல்லாம் விட்டுட்டு உன் லேப்ல வந்து உக்காந்திருக்கேன். நாளைக்குக் காலையில பொல்யூஷன் போர்டு இன்ஸ்பெக்டர் வந்து நிப்பான். போன வாரம் செவ்வாய்க்கிழமை நம்ம தொட்டியிலேர்ந்து ஓடைக்கு என்ன போச்சு, எப்படிப் போச்சு. ஒரே வரி. கீழ உன் கையெழுத்து. அவ்வளவுதான்.

— சாயத்தண்ணி போச்சு. சுத்தம் பண்ணாதது.

— அது உனக்கும் எனக்கும் தெரியும். நான் என்ன சொல்றேன்னா, எழுத்துல வரும்போது கொஞ்சம் பதமா வரணும். உபரி நீர்னு போட்டா?

— மழைத்தண்ணி மிஞ்சினா அப்படிப் போடலாம். அன்னிக்கு மழை இல்ல. ஓடையில மீன் செத்து மிதந்ததை ஊரே படம் எடுத்து வச்சிருக்கு.

— சரி, விடு. கசிவு?

— குழாய்ல ஓட்டை இருந்தாதான் கசியும். குழாய் ஃபிட்டரோட பொறுப்பு.

— அவன் வேணாம். ரெண்டு பொண்ணுங்களை வச்சிக்கிட்டுத் திண்டாடுறான்.

— வெளியேற்றம்னு போடட்டுமா?

— ஐயையோ. அது யாரோ வேணும்னே பண்ணின மாதிரி. யாரு சொல்லிப் பண்ணினீங்கன்னு அடுத்த கேள்வி வந்து நிக்கும்.

— எந்த வார்த்தையை எடுத்தாலும் பின்னாடி ஒரு ஆள் நிக்கிறாங்க அத்தான்.

— நிக்காத வார்த்தை ஒண்ணு இருக்கு. வழிஞ்சது. தொட்டி நிரம்பி வழிஞ்சது. அடுப்புல பால் பொங்கி வழியலையா? அதுக்கு யாரைப் போய்ப் பிடிப்பாங்க?

— தொட்டியில அளவு பாக்குற ஆளை.

— ம்.

— அது உங்க சகலை. என் வீட்டுக்காரர்.

— தெரியாமலா பேசுறேன்? மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கேளு. அவன் போய்ச் சேந்துட்டான். எழுதினா அவனுக்கு வலிக்கவா போகுது? இருக்கிறவங்க பொழப்பு இருக்குல்ல.

— அஜாக்கிரதையா இருந்து செத்தாருன்னு ஆயிடும். என்னிக்காவது பையன் படிப்பான்.

— பையனுக்கு நான் இல்லையா? நான் என்ன சொல்றேன்னா, உங்க ரெண்டு பேரையும் இங்க சேத்துவிட்டவன் நான். நான் தலைகுனிஞ்சா குடும்பமே தலைகுனிஞ்ச மாதிரி. உங்க அக்கா நேத்திலேர்ந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல.

— நான் சாப்பிடுறேன் அத்தான். மூணு வேளையும். ருசிதான் தெரியல.

— ஒம்பது நாளாச்சு. நீ ஒரு வாட்டியாவது அழுதிருக்கலாம். பாக்கவே பயமா இருக்கு.

— வரமாட்டேங்குது. வரும் வரும்னு பாத்ரூம்ல போய் உக்காந்து பாத்தேன். வாளி நிரம்பினதும் எழுந்து வந்துட்டேன்.

— சரி, சரி. 'வழிஞ்சது'ன்னு அடி. கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ.

— தொட்டி வழியல. ரெண்டு அடி குறைவாத்தான் இருந்துச்சு. சுத்தம் பண்ற மிஷின் படுத்திருச்சு, புது லோடு வருது, வால்வைத் திறந்து ஓடைக்கு விடச் சொல்லுன்னு நீங்க போன் பண்ணினீங்க. இதோ, இந்தப் போனுக்கு.

— மெதுவாப் பேசு. அந்த வால்வுக் குழியில விஷவாயு கிடக்கும்னு நான் கனவா கண்டேன்? தெரிஞ்சிருந்தா சொந்தச் சகலையை இறங்கச் சொல்வேனா?

— எனக்கும்தான் தெரியாது.

— அப்புறம் என்ன? அடி.

— ரிப்போர்ட் காலையிலேயே மெயில்ல போயிடுச்சு அத்தான்.

— போயிடுச்சா? என்னன்னு போட்ட?

— வேணும்னே திறந்துவிட்டதுன்னு.

— அடிப்பாவி. யாரு சொல்லின்னு கேட்டிருப்பானே.

— ஃபாரத்துலயே கேட்டிருந்தாங்க. உங்க பேரைப் போட்டேன். கீழயே என் பேரையும் போட்டேன்.

— உனக்கு ஏம்மா இந்த வேலை? நீ என்ன பண்ணின? போன்ல வந்த சேதியை அவன்கிட்ட சொன்ன, அவ்வளவுதானே?

— சொன்னேன். முடியாதுன்னுட்டாரு. கீழ அந்தத் தண்ணியைத்தான் மாடு குடிக்குது, பிள்ளைங்க குளிக்குது, நான் திறக்கமாட்டேன்னு இதே சேர்ல வந்து உக்காந்துட்டாரு. அத்தான் பேச்சை மீறாதீங்கன்னு கையைப் பிடிச்சு எழுப்பி, நான்தான் அத்தான் அனுப்பி வச்சேன்.