செவலை ஒண்ணு ஒண்ணு
வேலந்தாவளத்தில் பஸ் கிளம்பக் காத்திருந்தது. முன்சீட்டில் மடியில் லேப்டாப் பையோடு ஒரு பெண். பக்கத்தில் ஊர் மாட்டு டாக்டர்.

"எங்க புரோகிராம் ரெண்டு மாட்டை ஒண்ணாக்கிப்போடுச்சுங்க டாக்டர்" என்றாள்.

"அதெப்படிங்க?"

"எங்க சர்வர்ல ஒவ்வொரு விவரத்துக்கும் ரெண்டு வார்த்தைக்கு நடுவுல அடிக்கோடு போட்டுப் பேரு வெப்போம். போன் ஆப்புல அதைச் சேர்த்து எழுதுவாங்க. அதனால, விவரமெல்லாம் போனுக்கு வெளிய போறப்ப அடிக்கோட்டை எடுத்துப்போட ஒரே எடத்துல எழுதி வெச்சேனுங்க."

"நல்ல யோசனைதானுங்களே."

"எருத்தேன்பதில ஒருத்தரு பதினோராவது மாட்டுக்கு 'செவலை_11'னு பேரு வெச்சிருக்காரு. முதல் மாட்டோட கன்னுக்குட்டிக்கு 'செவலை_1_1'. மாட்டுப் பேர்லயும் அடிக்கோடு போனதும் ரெண்டும் 'செவலை11'னு ஒரே பேரு. கன்னு உங்க தடுப்பூசி லிஸ்டுலயே இல்லைங்க."

"ஊசிக்கு வந்திருக்காதே."

"வரலீங்க. மாட்டுக்காரங்களை அடிக்கோடில்லாம பேரு வெக்கச் சொல்லிரலாம்னாங்க ஆபீஸ்ல. நான் ஒத்துக்கலை. நாங்க வெச்ச பேரை மட்டும் மாத்தறாப்புல நேத்து திருத்திப்போட்டேன். மாட்டுக்காரரு வெச்ச பேரை இனி அது தொடாதுங்க."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"காலைல லிஸ்டுல புதுசா ஒரு கன்னு வந்துச்சுன்னு ஊசி போட அவரு கட்டுத்தறிக்குத்தானுங்க போயிட்டு வாரேன். 'செவலை ஒண்ணு ஒண்ணு'ன்னு அவரு ஒரே ஒருக்கா கூப்பிட்டாரு. படுத்திருந்த கன்னு எந்திரிச்சு வந்துச்சுங்க."