இருபதுக்கு மேல் ஒரு சுவர்

தலைமை ஏற்றிருப்பவரும், என் பேச்சு நீண்டால் மணியடிக்கக் காத்திருப்பவருமான தையல் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, வரிச் சட்டத் திருத்தம் பற்றி நம் கருத்தைக் கேட்க வந்திருக்கும் அதிகாரிகளே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வேலை முடித்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

முதலில் தரையைப் பாருங்கள். நடுவே நெடுக ஒரு வெளிறிய கோடு. நாற்காலி போட்ட தம்பிகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கோட்டின் மேல் ஒரு நாற்காலிகூட இல்லை. இடமில்லாமல் பின்னால் நிற்கிறீர்கள். அங்கே உட்கார மட்டும் மனம் வரவில்லை. ஏன்?

அங்கே ஒரு சுவர் இருந்தது.

இது சட்டை தைத்த கூடம். ஆட்கள் இருபது வரை இருந்தால் வரி இல்லை. இருபத்தோராவது ஆள் உள்ளே காலை வைத்தால் முதல் காசிலிருந்து மொத்தத்துக்கும் வரி. நான் வாத்தியார், எனக்குத் தெரிந்த உதாரணம் பரீட்சைதான். நாற்பதுக்கு மேல் ஒரு மதிப்பெண் எடுத்தாலும் பாதியைப் பிடுங்கிக்கொள்வோம் என்றால் கெட்டிக்காரப் பிள்ளை என்ன செய்யும்? விடையை எழுதும். எழுதியதை அழிக்கும். வகுப்பு முழுக்க ரப்பர் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வகுப்பில் நிற்க எனக்குப் பயமாக இருக்கும், ஐயா.

முதலாளி கெட்டவர் அல்ல. புது இயந்திரத்துக்குப் பணம் சேர்த்தவர். வேலை குவிந்தது, ஆள் தேவைப்பட்டது. அந்தப் பணத்தில் பலகை வாங்கினார். நடுவே சுவர், இரண்டு வாசல், இரண்டு பெயர்ப்பலகை, இரண்டு நிறுவனம். முதலீடு உற்பத்திக்கா போனது? உயர்வுக்கா போனது? ஒட்டுப்பலகைக்குப் போனது.

கைதட்டாதீர்கள், கதை இனிமேல்தான்.

இங்கே தைத்தவர்களில் கூடப்பிறந்த இருவர்: அக்கா இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பேருந்தில் வந்து, வாசலில் வேற்றாளாகப் பிரிய வேண்டும். யார் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவரைத் தெரியாது என்று சொல்ல வேண்டும்; உத்தரவு. ஆனாலும் கத்தரிக்கோல் பிடியால் பலகையைத் தட்டிக்கொள்வார்கள். இரண்டு தட்டினால் இருக்கியா என்று கேள்வி. திருப்பி இரண்டு தட்டினால் இருக்கேன் என்று பதில். பதில் வராவிட்டால் அந்தச் சோம்பேறி தூங்கிட்டா என்று அர்த்தம் என்பாள் அக்கா.

ஜன்னல் எல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் காற்றே கிடையாது. ஒரு பிற்பகல் வரி அதிகாரி இங்கே நின்றுகொண்டிருந்தார். தங்கைக்குக் காலர் தைக்கும் வேலை; காலரின் ஒவ்வொரு மூலையிலும் இயந்திரம் நின்று நின்று ஓடும். அன்று அந்தப் பக்கம் அவள் இயந்திரம் நிற்கவே இல்லை. ஆளில்லாத ஓட்டம். அக்கா இரண்டு தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள்.

"யாரைம்மா கூப்பிடுற? அந்தப் பக்கம் யாரு?"

உண்மையைச் சொன்னால் இரண்டு நிறுவனமும் ஒன்றாகும். அத்தனை பேர் வேலையும் போகும்.

"தெரியாதுங்க."

சொல்லிவிட்டாள். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. மறுகணம் நாற்காலியைத் தூக்கிப் பலகையை உடைத்தாள். மிதியில் கால் பதிந்தபடியே மயங்கிக் கிடந்தாள் தங்கை. அவள் பிழைத்தாள். கூடம் பிழைக்கவில்லை, மொத்த வரியும் சேர்ந்து வந்தது, கதவு மூடியது.

தங்கை என்னிடம் சொன்னாள்: "எல்லாம் இருட்டாயிடுச்சு சார். அக்கா சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு." அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இருவரும் இன்று வந்திருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. தேடாதீர்கள்.

அதிகாரிகளே, வரியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் சம்பளமே வரிப்பணம்தான். வரி படியாக ஏறட்டும், சுவராக எழ வேண்டாம். வளர்பவனை ஒளிய வைக்கும் வரி வேண்டாம். பலகையைப் பிரித்துவிடலாம், பலகைக்குப் பழகிய மனிதரை என்ன செய்வீர்கள்?

பொறுங்கள். நாற்காலியை யார் தட்டுவது? இரண்டு தட்டு, இந்தப் பக்கத்திலிருந்து. யாரும் திரும்பாதீர்கள். தம்பி, அந்த மின்விசிறியை நிறுத்து.

கேட்டதா? அந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு.

இதற்கு மேல் என் பேச்சு எதற்கு? கலையும்போது அந்தக் கோட்டை நன்றாக மிதித்துப் போங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.