நாலு விரல்

டிசம்பர் மாதம், மாலை ஐந்தே கால். அயர்லாந்தில், திப்பரேரி பக்கம் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. மலையோரச் சாலையில் ஒரே ஒரு கார்... கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். இது என் ஒன்றுவிட்ட அக்காள் புருஷன் ஃபின்டனுக்கு நடந்தது. குடித்த ஒரு ராத்திரி அவளிடம் உளறியிருக்கிறான்.

ஃபின்டன் தடை தாண்டும் குதிரைப் பந்தயங்களில் ஜாக்கி. அன்று பந்தயம் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தான். பின் சீட்டில் சத்தம். டப்... டப்... பூட்ஸில் சவுக்கைத் தட்டுகிற சத்தம். கூடவே ஈரத் தோல் வாடை, தைல வாடை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்படித் தட்டுகிறவன் ஒருவன்தான். மோஸி. செத்து அன்றோடு ஒரு வருஷம்.

மோஸியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவனும் ஜாக்கிதான். பதினோரு வருஷம் ஓட்டி, பத்தொன்பதே வெற்றி. பத்திரிகைக்காரர்கள் அவன் பேரைச் சரியாகப் போட்டதே இல்லை. அவனுக்கும் ஒருநாள், அன்றைய கடைசிப் பந்தயத்துக்கு, ஒரு நல்ல குதிரை வாய்த்தது. ஆனால் இரண்டாவது பந்தயத்திலேயே தலைகுப்புற விழுந்துவிட்டான். தலையில் அடிபட்டால் டாக்டர் கேள்வி கேட்பார். தடுமாறினால் மூன்று வாரம் குதிரை ஏறக் கூடாது.

"இதுக்கு முந்தின பந்தயத்துல எந்த நம்பர் ஜெயிச்சுது?"

மோஸி முழித்தான். டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்ற ஃபின்டன், கட்டைவிரலை மடக்கி நாலு விரலைக் காட்டினான்.

"நாலு," என்றான் மோஸி.

கடைசிப் பந்தயம், மூன்றாவது வேலி. சேற்றில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தபோதுகூட ஃபின்டன் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்றம் வருஷம் முழுக்க அவனை அரித்துத் தின்றது.

டப்... டப்... இனித் தாங்காது. மோஸியின் அம்மா ப்ரீடாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான்.

"வா கண்ணு. டீ சூடா இருக்கு."

மேசையில் மூன்று கோப்பைகள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"முதல்ல நான் சொல்லிடுறேன். சிரிக்கக் கூடாது. மோஸி வர்றான்பா. தினமும் இந்த நேரத்துக்குத்தான். அந்த நாற்காலியில உக்காந்து இப்படிக் காட்டுறான்." கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள். "பாதிரியாரைக்கூடக் கேட்டுட்டேன், அவருக்கும் விளங்கல. கடைசிவரைக்கும் அவன்கூட இருந்தவன் நீதானே. உனக்குத் தெரியுமா?"

அவள் முகத்தில் அத்தனை நம்பிக்கை.

"தெரியலையே," என்றான் ஃபின்டன்.

காலி நாற்காலி கிரீச்சென்றது. அவ்வளவுதான். திரும்பும்போது காரில் சத்தமே இல்லை.

அவன் குதிரை ஏறுவதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் தூங்கும்போது வலது கையில் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்ளுமாம். மற்ற நாலு விரலையும் என் அக்காள் மடக்கிப் பார்த்திருக்கிறாள். மடங்கவில்லை... விளக்கைப் போட்டுப் பார்த்தாள். நகக்கண்ணில் ஈரச் சேறு.