நீட்டுக் கூரை

இல்ல லாபிர் நானா, வேல முடியலன்னு நான் சொல்லல. சின்னத் திருத்தம் ஒண்ணு பாக்கின்னு தான் சொன்னேன். முதல்ல உக்காருங்க. மழையில நனைஞ்சு வந்து கதவுக்கிட்டயே நின்னு கீழயே எட்டிப் பாத்துகிட்டிருந்தா எனக்கும் கை ஓட மாட்டேங்குது. வேன் எங்கயும் போகாது. எஞ்சினக்கூட நிப்பாட்டாம தானே வச்சிருக்காரு.

யாரு அவரு? சரி சரி, சொல்ல வேணாம். கொழும்புல இருந்து வந்த மாத்தயா, பெரிய ஐயா, போதும். அவரு வண்டியில இருப்பாரு, லாபிர் நானா மட்டும் படியேறி வந்து இந்தச் சந்திராகிட்ட சீடிய வாங்கிட்டுப் போகணும். அப்படித்தானே? தேத்தண்ணி ஊத்தட்டா? வேணாமா. நானும் குடிக்கல. ரோட்டுல வேற சண்டைக்குன்னு வடக்க போற ஆமி லொறி சத்தம், ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடுது.

ஒரு கலர் மாத்துறதுக்கா இவ்வளவு நேரம்னு பாக்குறீங்க. எல்லாரும் கேக்குறது தான். ஸ்கிரீன்ல வர்ற பட்டன் தானே, சதுரமா ஒண்ண வரைஞ்சு மேல ரெண்டு எழுத்து போட்டா முடிஞ்சுதுன்னு. நான் கொழும்புல வேல செஞ்ச கந்தோர்லயும் இதே பேச்சு. அவனுங்க செஞ்ச பட்டன் விண்டோஸ்ல ஒழுங்கா இருக்கும், லினக்ஸ்ல போட்டா எழுத்து வெளிய பிதுங்கிகிட்டு நிக்கும். நான் செஞ்சது எந்த மெஷின்ல போட்டாலும் ஒரே மாதிரி. ஏன்னா மெஷின் குடுக்கிற பட்டன நான் எடுக்கிறதில்ல. கோடு, மூல, நெழல், எல்லாத்தயும் நானே வரையிறேன். வரைஞ்சாலும் கலர உள்ளுக்குள்ள எழுதி வைக்க மாட்டேன். கலரெல்லாம் தீம்னு தனியா ஒரு பட்டியல்ல இருக்கும். பட்டன் வெளிய தெரியிறதுக்கு முந்தி அந்தத் தீம்கிட்ட போய்க் கேக்கும், இப்ப நான் என்ன கலர்ல இருக்கணும்னு. பகல் தீம்னா வெள்ள. ராத்திரி தீம்னா கறுப்பு. உள்ள இருக்கிறது அதே பட்டன் தான்.

என்ன சிரிக்கிறீங்க, நாம செய்யாததா? கண்டி பஸ்ல ஏறினா நான் பொட்ட எடுத்து பேக்ல போட்டுட்டு சிங்களத்துலயே பேசிகிட்டுப் போறேன். நீங்க தொப்பிய மடிச்சு பாக்கெட்ல வைக்கிறீங்க. செக் பொயிண்ட் தாண்டினா மறுபடி பொட்டு, மறுபடி தொப்பி. நமக்கு இதெல்லாம் யாரும் படிச்சுக் குடுக்கல.

அப்புறம் ஒரு பட்டனுக்கு ஒரு கலர் பத்தாது நானா. சும்மா இருக்கிறப்ப ஒண்ணு, மௌஸ் மேல போனா ஒண்ணு, தேர்ந்தெடுத்தா ஒண்ணு, அமத்தினா ஒண்ணு. பாத்துகிட்டிருக்கிறவனுக்குத் தான் எங்க நிக்கிறோம்னு தெரியணும்ல. ஆனா அமத்தினதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு பட்டனுக்குத் தெரியாது. அத வாங்கினவன் எழுதிக்குவான். லைட் எரிய வைக்கலாம், பாட்டு பாட வைக்கலாம். எனக்கும் தெரியாது, நானும் கேக்கிறதில்ல. நான் பட்டன் செய்றவ, என் வேல அதோட சரி. இந்தத் தொழில்ல அது ஒண்ணு தான் நிம்மதின்னு நெனச்சுகிட்டிருந்தேன்.

மீன்பிடிப் படகுல வைக்கிற ஸ்கிரீனுக்குன்னு தானே இந்த வேலையக் கொண்டாந்தீங்க? ஆமா, நீங்க சொன்னத நம்பினேன். ஏன் நம்பக் கூடாது? கிளவுஸ் போட்ட கையால அமத்தணும், பட்டன் பெருசா இருக்கட்டும்னாங்க. சரி, படகுல ஈரக் கை, குளிருன்னு நெனச்சேன். ராத்திரி தீம்ல வெளிச்சம் மூஞ்சில அடிக்கக் கூடாது, எழுத்து மங்கின செவப்புல இருக்கட்டும்னாங்க. சரி, இருட்டுல கடலப் பாக்கணும்ல. எத அமத்தினாலும் சத்தமே வரக்கூடாதுன்னாங்க. மீனு பயந்துருமாக்கும்னு நானே தனியா சிரிச்சேன்.

அதுக்கப்புறம் தான் மேப் கேட்டாங்க. படத்தப் புடிச்சு இழுத்தா நகரணும், ஒரு எடத்த அமத்தினா அதச் சுத்தி பெட்டி விழணும். எந்தப் படத்த வச்சு செஞ்சு பாக்கிறதுன்னு கேட்டேன். நீங்க தான் கொண்டாந்து குடுத்தீங்க. இந்தா, ஸ்கிரீன உங்க பக்கம் திருப்புறேன். பாருங்க, படம் தானே, கடிக்காது. ஒசரத்துல இருந்து எடுத்தது. இதுல கடல் எங்க நானா?

தேடாதீங்க. நானும் தேடினேன். இது குளம். இது குளத்துக் கட்டு. இது ரோட்டு, இது சின்னதா ஒரு கோயில். மத்ததெல்லாம் கூரை. இங்க எந்த மீனப் புடிக்கப் போறாங்க?

சரி, உங்களுக்குத் தெரியாது. தெரியும்னாலும் தெரியாதுன்னாலும் அது உங்களுக்கும் அல்லாவுக்கும் உள்ள கணக்கு. நான் உங்களக் குத்தம் சொல்லல. புள்ளைகுட்டிய வச்சிருக்கீங்க. இப்படி வந்து நிக்கிறவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல இந்த நாள்ல யாருக்குத் தைரியம் இருக்கு? இதே டவுன்ல, விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போனவங்க வீட்டுல இன்னும் சோத்த மூடி வச்சுகிட்டு உக்காந்திருக்காங்க.

ஹோன் அடிக்கிறாரு. எந்திரிக்காதீங்க. ஜன்னல்கிட்ட போகாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்னு போன்ல சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? என்ன சொன்னாரு? சரின்னு மட்டும் சொல்லி வச்சுட்டாரா. அவரு ஏசியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயமா இருக்காது.

இந்தாங்க, இதப் பாருங்க. படம் என் கைக்கு வரும்போதே இந்தக் கூரை மேல ஒரு பெட்டி போட்டிருந்துச்சு. மத்த வீடெல்லாம் சின்னச் சின்னதா அங்கயும் இங்கயும் கெடக்கு. இது ஒண்ணு மட்டும் ரயில் பெட்டி மாதிரி நீட்டா கெடக்கு, பாத்தீங்களா? சும்மா மாதிரிக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சு நானும் அதே கூரை மேல தான் என் பெட்டிய வரைஞ்சேன். முதல்ல மஞ்சள். ராத்திரி தீம்ல அது கண்ணக் குத்துச்சு. அப்புறம் ஆரஞ்சு. அப்புறம் இந்தச் செவப்பு. ரொம்ப நல்லாருக்குன்னு பதில் வந்துச்சு. சந்தோசப்பட்டேன் நானா! என் வேலைய யாராவது நல்லாருக்குன்னு சொல்லிட்டா நான் பச்சப்புள்ள மாதிரி ஆயிருவேன், என் புத்தி அப்படி. இன்னும் அழகா செய்வோம்னு, பெட்டி கூரையோட ஒட்டி நிக்கணும்னு கண்ண ஸ்கிரீன்ல வச்சுகிட்டு உக்காந்தேன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டவே இல்ல. என்னடா இதுன்னு பெருசாக்கிப் பாத்தேன். கூரையோட கடைசித் துண்டு கோணலா இருக்கு.

காச்சல்னு சொல்லி வேலைய நிப்பாட்டினேனே, அன்னைக்குத் தான். காச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல.

இத இயக்கத்துப் போராளிங்க கேம்ப்னு நெனச்சுத் தான் குண்டு போடப் பாக்குறாங்க. ஒரே தகரக் கூரை, வரிசையா கதவு, முன்னுக்கு மொட்ட நெலம். மேல இருந்து பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும், அதையும் நான் ஒத்துக்குறேன். வடக்க, வன்னியில யாரும் இப்படி வீடு கட்ட மாட்டாங்க. ஒரு வளவு, நடுவுல ஒரு வீடு, சுத்தி வேலி. அது தான் அந்த ஊர்ப் பழக்கம். ஒரு செவத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு குடும்பம் முதுக வச்சுகிட்டு இருக்கிற மாதிரி கட்டுறது யாருன்னு எனக்குத் தெரியும். எங்க ஆளுங்க. மலையகத் தோட்டத்து ஆளுங்க. இது கேம்ப் இல்ல நானா. லயம், தோட்டத்து வரிச வீடு.

ஆமா, லயம் தான். எண்பத்து மூணு கலவரத்துல டவுன் எரிஞ்சுச்சே, அப்ப பலாபத்வல பக்கத்துத் தோட்டத்துல இருந்து கொஞ்சக் குடும்பம் பயந்துபோய் லொறியேறி வன்னிக்குப் போனாங்க. காட்ட வெட்டினாங்க, காணி புடிச்சாங்க. ஆளுக்கொரு வீடா தனித்தனியா கட்டிக்கலாம், எடம் கெடக்கு. கேக்கல. தனியா படுத்தா பயமாம். பக்கத்து ரூம்ல, அந்தக் காம்பராவுல யாராவது இருமினாத்தான் எங்க ஆளுங்களுக்குத் தூக்கம் வரும். எத விட்டுட்டு ஓடினாங்களோ அதயே அங்க போயும் கட்டி வச்சிருக்காங்க. இந்தக் கோணல் காம்பரா கடைசியா கட்டினது. வேப்ப மரத்த வெட்ட மனசு வராம கட்டினவரு செவத்தத் திருப்பிட்டாரு. சமாதானக் காலத்துல பாதை தொறந்தப்ப நான் பஸ்ல போய் அங்க தங்கியிருந்தேன். இந்தக் குளத்துக் கட்டுல நின்னு பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். என்ன அத்தான், குடிச்சுட்டா கட்டினீங்கன்னு கேட்டேன்.

ம். அத்தான் தான். எங்கக்கா அழகாயியோட வீட்டுக்காரு. அக்கா, அத்தான், மூணு புள்ளைங்க, அத்தானோட அண்ணன் தம்பிங்க, அவங்க புள்ளைங்க. எல்லாரும் அந்தச் செவப்புப் பெட்டிக்குள்ள தான் இருக்காங்க.

சத்தமா பேசுறேனா? பேசிட்டுப் போறேன் விடுங்க. எனக்குத் தெரியாதா நானா? அக்கா வன்னியில, தங்கச்சி இங்க கம்பியூட்டர்ல. இது வெளிய தெரிஞ்சா என்னய என்ன செய்வாங்கன்னு நீங்க சொல்லித் தரணுமா? அதுக்குப் பயந்து தான் காச்சல்னு பொய் சொல்லிட்டுப் படுத்துக் கெடந்தேன். வெக்கமா இருக்கு. அக்காவுக்குச் சொல்லி அங்கிருந்து கெளப்பலாம்னு பாத்தா அந்தப் பக்கம் போனும் இல்ல, கடுதாசியும் போகாது. ஒரு வேள அவங்களே எழும்பிப் போயிருப்பாங்கன்னு மனசத் தேத்திப் பாத்தேன். எங்கக்கா போக மாட்டா. ஒரு தடவ ஓடி வந்தது போதும், இனிமே செத்தாலும் இங்க தான்னு என்கிட்டயே சொல்லியிருக்கா.

காலையில வந்த திருத்தத்த நீங்க வாசிக்கல. நான் வாசிச்சேன். எல்லாம் சரியாம், இன்னும் ஒரு கலர் வேணுமாம். வேல முடிஞ்ச எடத்துக்கு. திரும்பவும் அத அமத்தத் தேவையில்லன்னு, பாக்குறவனுக்குச் சட்டுன்னு வெளங்கணுமாம். சாம்பல் கலர் போட்டு, அதே கூரை மேலயே மாதிரிக்குக் காட்டுங்கன்னு எழுதியிருக்காங்க. ஒரு நிமிச வேல நானா. மௌஸ்ல கை வச்சுகிட்டு காலையில இருந்து உக்காந்திருக்கேன்.

முடியல.

அழிச்சுப்போட்டா மட்டும் என்ன ஆகும்? வேற ஒருத்தன் நாளைக்கே செஞ்சு குடுப்பான். பட்டன் தானே. நான் செய்யலன்னா அந்தப் பெட்டி அங்கருந்து போயிருமா? அவங்க மேப்புல அது இருக்கத்தான் செய்யும். அதனால நீங்க எறங்கிப் போய் அந்த மாத்தயாவ மேல கூட்டிட்டு வாங்க. உங்ககிட்ட சொல்லி அனுப்பினா சரிவராது. நல்ல மனுசன் தான் நீங்க, ஆனா படியெறங்குறதுக்குள்ள பாதிய முழுங்கிருவீங்க. நானே சொல்றேன். சிங்களத்துலயே, அவரு மொகத்தப் பாத்துச் சொல்றேன். இது லயம் மாத்தயா, உள்ள புள்ளைங்க இருக்காங்க, ஒவ்வொரு காம்பராவுலயும் யாரு யாருன்னு பேர் சொல்றேன், எழுதிக்கங்கன்னு. உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு. கேக்காம இருப்பாரா? கேக்கட்டும். அதுக்குப் பதில் ஒண்ணு தானே இருக்கு, அதயும் சொல்லிருவேன்.

உங்ககிட்ட இதச் சொன்னேன்னு என் வாயில வராது, பயப்படாதீங்க. போங்க நானா, கூட்டிட்டு வாங்க. கொழும்புல வேல இருக்கு, வர நாளாகும்னு அம்மாகிட்ட காலையிலயே சொல்லிட்டுத் தான் வந்தேன். அம்மா என்னயத் தேடி உங்ககிட்ட வந்து கேட்டாலும் அப்படியே சொல்லுங்க.