எந்தக் கால்

காலின் கட்டைவிரலை யாரும் அதிகம் நினைப்பதில்லை, இன்ஸ்பெக்டர் சார். மூட்டு இறுகி, மடங்காமல் போன பிறகுதான் ஒவ்வோர் அடிக்கும் அதன் தயவு வேண்டும் என்று தெரியும்.

மருத்துவர் எழுதும் நோயைக் குறியீட்டு எண்ணாக மாற்றுவது என் வேலை. விரல் சாய்ந்திருந்தால் ஓர் எண், இறுகியிருந்தால் வேறு எண். கடைசி இலக்கம் ஒன்றென்றால் வலது கால், இரண்டென்றால் இடது. பூஜ்ஜியம் என்றால் எந்தக் கால் என்று சொல்லவில்லை. அது சோம்பேறிகள் போடுவது. நான் போட்டதில்லை.

என் தங்கைக்கு வலது கால். அப்பா அம்மா போன பிறகு அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தது நான்தான். வெளியூர் அழகு நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது, நாளெல்லாம் நின்று பார்க்கிற வேலை. "கால் சரியானதும் கிளம்பிடுவேன்க்கா," என்று சிரித்தாள். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைவதை நினைத்தாலே மூச்சு முட்டியது. பயந்தவள் என்ன செய்வாள், சொல்லுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவள் கோப்பு என் மேசைக்கு வந்தபோது, கடைசி ஒன்றை இரண்டாக்கினேன். ஆபரேஷன் பட்டியல் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தயாராகும்.

நர்ஸ் மைப் பேனாவோடு வந்தபோது தங்கை ஊசி மருந்தில் பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

"எந்தக் கால்மா?"

"வலது," என்று குழறினாள். நர்ஸ் பட்டியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இடதுதான் சிஸ்டர். மருந்துல உளறுறா. சின்ன வயசுலேர்ந்தே இவளுக்கு இடது வலது வராது, செருப்பையே மாத்திப் போடுவா."

நர்ஸ் சிரித்துக்கொண்டே இடது காலில் குறி போட்டார். தங்கை என் கையைப் பிடித்தாள். "வலதுக்கா... நீ சொல்லுக்கா." நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

சர்ஜன் வந்தபோது குறி போட்ட கால் மட்டும்தான் துணிக்கு வெளியே இருந்தது. நல்ல மூட்டைச் சீவி, எலும்போடு எலும்பைச் சேர்த்துத் திருகாணி முடுக்கிவிட்டார். இனி அது மடங்காது. வலதும் மடங்காது. அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.

எழுதிக்கொள்ளுங்கள் சார், நான் மறைக்கவில்லை. அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குளிப்பாட்டுகிறேன், ஊட்டிவிடுகிறேன். என்ன, நான் அறைக்குள் வந்தாலே இரண்டு கால்களையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு நடுங்குகிறாள். வலி இன்னும் விடவில்லை போலிருக்கிறது.